தமிழில் போட்டால்தான் பயமா? திரைப்பட மன்றச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மன்றத் தலைவர் அவர்களுக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும்,

ஆகஸ்ட் 13ஆம் தேதி இரவு ஒன்பதரை மணிக்கு உங்கள் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். "டீச்சர், பதினேழாம் தேதிப் படத்தில் ஒரு சின்ன மாற்றம்" என்றார். அந்தச் சின்ன மாற்றம் என்னவென்றால்: கியூபெக் பொதுவாக்கெடுப்பு பற்றிய ஆவணப்படத்தைத் தமிழ் சப்டைட்டிலோடு திரையிடப்போவதில்லை. ஆங்கில சப்டைட்டில்தான். பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. அழைப்பிதழ் உள்ளவர்கள் வரலாம். படம் முடிந்ததும் நடக்கவிருந்த கலந்துரையாடல் ரத்து. புதுச்சேரியில், முத்தியால்பேட்டையிலும் குருசுக்குப்பத்திலும் ஒட்டிய தமிழ்ச் சுவரொட்டிகளைக் கிழிக்க ஆள் அனுப்பியாகிவிட்டது.

காரணம் கேட்டேன். கொஞ்ச நேரம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "படம் பிரிவினை பற்றியது, டீச்சர். பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ பார்க்கிறவர்கள் படமாகப் பார்ப்பார்கள். தமிழில் போட்டால் ஜனங்கள் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள்."

அவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. என்னிடம் பிரெஞ்சு படித்த பிள்ளை. செயற்குழு முடிவு செய்ததை வந்து சொன்னார், அவ்வளவுதான். அந்த வாக்கியத்தை முடிவாக எழுதி, கையெழுத்துப் போட்டு, அவர் வாயில் கொடுத்தனுப்பிய உங்களுக்குத்தான் இந்த மடல். இதற்கு முன் இரண்டு கடிதங்கள் நேரில் கொடுத்தேன். பதில் இல்லை. அதனால்தான் இது எல்லோரும் படிக்கும்படி வருகிறது.

மன்றத்தின் பெயரை எழுதவில்லை. ஊருக்குத் தெரியும்; வெளியூருக்கு அந்தப் பெயர் எதற்கு? படத்தின் பெயரையும் எழுதவில்லை. எங்கோ குளிரில் உட்கார்ந்து பல வருடம் உழைத்துப் படம் எடுத்தவரை நம் தெருச் சண்டைக்குள் இழுத்துவருவது நியாயமாக இருக்காது.

நான் 31 வருடம் அரசுப் பள்ளிகளில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவள். மன்றத்துக்கு 19 வருடமாகச் சந்தா கட்டுகிறேன். இந்தப் படத்தின் தமிழ் சப்டைட்டில் நான் எழுதியது. நான்கு மாதம் ஆயிற்று. பணம் வாங்கவில்லை, கேட்கவும் இல்லை. ஆகவே நான் நடுநிலையாளர் என்று சொல்லிக்கொள்ளப்போவதில்லை. ஆனால் அந்தப் படத்தின் ஒவ்வொரு வரியையும் இருபது தடவையாவது நிறுத்திக் கேட்டவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான். தடை போட்ட செயற்குழுவில் எத்தனை பேர் படத்தை முழுதாகப் பார்த்தீர்கள் என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கனடாவில் பிரெஞ்சு பேசும் மாகாணம் கியூபெக். (பிரெஞ்சு படித்த வாய்க்கு அது கெபெக். பத்திரிகைகள் கியூபெக் என்றே எழுதிப் பழகிவிட்டதால் சுவரொட்டியிலும் அப்படியே போட்டோம். உங்கள் ஆள் கிழித்தது அந்தச் சுவரொட்டியைத்தான்.) அங்கே 1995 அக்டோபர் 30ஆம் தேதி, கியூபெக் தனியே போவதா வேண்டாமா என்று மக்களைக் கேட்டார்கள். நூற்றுக்கு 93 பேருக்கு மேல் வந்து வாக்களித்தார்கள். வேண்டாம் என்றவர்கள் 50.58 சதவீதம். வேண்டும் என்றவர்கள் 49.42. வித்தியாசம் 54,288 வாக்கு. இந்தத் தோல்வியின் கதைதான் படம். தனி நாடு வேண்டும் என்று படம் யாரையும் கூப்பிடவில்லை, வேண்டாம் என்று புத்தி சொல்லவும் இல்லை. இரண்டு பக்கத்து மனிதர்களையும் உட்காரவைத்துப் பேசவிடுகிறது.

வன்முறை பற்றிப் பயமென்றால், அதையும் படம் மறைக்கவில்லை. 1970இல் தனி நாடு கேட்ட ஒரு குழு ஆட்களைக் கடத்தியது, மாகாண அமைச்சர் ஒருவரைக் கொன்றது, ராணுவம் தெருவில் நின்றது. அந்தப் பாதை அதோடு செல்வாக்கிழந்து போனதையும், 1976இல் தேர்தலில் வென்று ஆட்சிக்கு வந்த ரெனே லெவெக் வாக்குப்பெட்டியை மட்டுமே நம்பியதையும் படம் காட்டுகிறது. அவர் 1980இல் முதல் பொதுவாக்கெடுப்பை நடத்தினார். கிட்டத்தட்ட அறுபதுக்கு நாற்பது என்று தோற்றார். அன்றிரவு மேடையில் அழுகையை அடக்கிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து அவர் சொன்ன ஒரு வாக்கியம் அங்கே குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்: உங்களை நான் சரியாகப் புரிந்துகொண்டேன் என்றால், நீங்கள் 'அடுத்த முறை வரை' என்று சொல்கிறீர்கள்.

இந்த ஒரு வரிக்கு எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. பிரெஞ்சில் அந்தச் சொற்கள் விடைபெறும்போதும் சொல்வது. 'அடுத்த முறை வரை' என்று தமிழில் எழுதினால் உயிரே இல்லை. 'அடுத்த முறை பார்ப்போம்' என்றால் மிரட்டல் போல ஒலிக்கிறது. ஒருநாள் காலை பேத்தி பள்ளிக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று "போறேன்" என்று ஏதோ எரிச்சலில் சொல்லிவிட்டாள். என் அம்மா உள்ளேயிருந்து, "போகிறேன் என்று சொல்லாதே, போய்வருகிறேன் என்று சொல்" என்று அதட்டினார். கையிலிருந்த தோசைக் கரண்டியோடு மேசைக்கு ஓடினேன். திரையில் இப்போது இருப்பது இது: "நீங்கள் சொல்வது எனக்குச் சரியாகப் புரிகிறதென்றால், என்னைப் போ என்று சொல்லவில்லை. போய் வா என்கிறீர்கள்."

செயற்குழுவில் ஒருவர் இந்த வரியைத்தான் 'தூண்டும் விதமாக இருக்கிறது' என்று குறித்திருந்தாராம். வழியனுப்பும் சொல்லைத் தூண்டுதல் என்று படிக்க எவ்வளவு பயந்திருக்கவேண்டும்!

1995இன் கேள்வி அதைவிடப் பெரிய பாடு. வாக்குச்சீட்டில் அச்சிட்ட கேள்வியைத் தமிழில் சொல்கிறேன்: "கியூபெக்கின் எதிர்காலம் குறித்த சட்ட முன்வடிவும் 1995 ஜூன் 12 அன்று கையெழுத்தான உடன்பாடும் வகுத்த வரம்புக்குள், புதிய பொருளாதார, அரசியல் கூட்டாண்மைக்குக் கனடாவை முறைப்படி அழைத்த பிறகு, கியூபெக் இறையாண்மை பெறுவதை ஒப்புக்கொள்கிறீர்களா?" பிரெஞ்சில் 'ஒப்புக்கொள்கிறீர்களா' என்பது முதலில் வந்துவிடும், பிறகு வால் நீண்டுகொண்டே போகும். தமிழில் வினை கடைசியில்தான் வரும். படத்தில் ஒரு கிழவர் சமையலறையில் உட்கார்ந்து இதை வாசித்து, பாதியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதற்கு நான் என்ன சொல்லவேண்டும்?" என்று மனைவியைக் கேட்கிறார். அந்தக் குழப்பம் தமிழ் வாசிப்பில் இன்னும் கூடுதலாகவே கிடைக்கிறது. கேள்வியின் நீளத்திலேயே அரசியல் இருக்கிறது. தனி நாடா என்று நேரே கேட்டால் மக்கள் பயப்படுவார்கள் என்று கூட்டாண்மையைச் சேர்த்தார்கள். கூட்டாண்மை உறுதி என்று பலர் நம்பிவிட்டார்கள் என்று எதிர்த்தரப்பு குற்றம் சாட்டியது. பின்னால் 1998இல் கனடாவின் உச்ச நீதிமன்றம், தன்னிச்சையாகப் பிரிந்துபோக உரிமை இல்லை, ஆனால் தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை கிடைத்தால் உட்கார்ந்து பேசியே ஆகவேண்டும் என்று சொன்னது. 'தெளிவான கேள்வி' என்ற அந்த இரண்டு சொற்களை விளங்கிக்கொள்ள, கிழவர் கண்ணாடியைக் கழற்றும் அந்தக் காட்சி போதும்.

தமிழ் ஜனங்கள் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள் என்கிறீர்களே, எடுத்துக்கொண்டதை நான் பார்த்தேன். ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக் கூடத்தில் சோதனைக்காகப் போட்டுக்காட்டினேன். வந்தவர்கள் ஏழு பேர். எனக்கு 25 வருடமாக மீன் கொடுக்கும் அம்மா, அவருடைய மருமகள், தெருமுனை ஆட்டோக்காரர், கல்லூரியில் படிக்கும் மூன்று பிள்ளைகள், என் அம்மா. சப்டைட்டில் வேகமாக ஓடுகிறதா, எழுத்து தெரிகிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம். வாக்கு எண்ணும் காட்சி வந்தபோது யாரும் எழுத்தைப் பற்றிப் பேசவில்லை. முதலில் தீவுப்பகுதி முடிவுகள் வருகின்றன, 'வேண்டும்' முந்துகிறது. மொன்றியால் நகரத்து வாக்குகள் வர வர இரண்டு கோடுகளும் நெருங்கி, ஒன்றையொன்று தொட்டு, இடம் மாறுகின்றன. மீன்கார அம்மா கன்னத்தில் கைவைத்தபடி, "இவ்வளவு கிட்டே வந்தா?" என்றார். முடிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "தோற்றவர்கள் அப்புறம் அடிதடியில் இறங்கவில்லையா?" பெரிதாக ஒன்றும் இல்லை, மறுநாள் வேலைக்குப் போனார்கள் என்றேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "எங்கள் பஞ்சாயத்தில் இருபது பேர் ஒரு பக்கம், பதினெட்டுப் பேர் ஒரு பக்கம் என்று வந்தால் ஆறு மாதம் ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் போகமாட்டோம்" என்றார். ஆட்டோக்காரர் செல்லாத வாக்கு பற்றிக் கேட்டார். என் அம்மா, அந்தக் கிழவருக்கு யாராவது காப்பி கொடுத்தார்களா என்று கேட்டார்.

இதுதான், ஐயா, தமிழ் ஜனங்கள் எடுத்துக்கொண்ட வேறு மாதிரி.

இனி வீட்டுக் கதை கொஞ்சம். என் பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சைகோன் வரை போய்வந்த சொல்தா, அதாவது சிப்பாய். புதுச்சேரியைப் பிரான்சு இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்கலாம் என்றார்கள். பெரியப்பா எழுதிக்கொடுத்தார். அப்பா எழுதிக்கொடுக்கவில்லை. ஒரே வீடு, ஒரே கிணறு, இரண்டு நாடு. பிரான்சு அதிபர் தேர்தல் வந்தால் பெரியம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு துணைத்தூதரகத்துக்குப் போவார். சட்டமன்றத் தேர்தல் வந்தால் அம்மா முத்தியால்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்பார். இருவரும் ஒரே உரலில் மாவாட்டினார்கள். நாடு, குடியுரிமை, வாக்கு என்ற பேச்செல்லாம் எங்கள் ஊர்ச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே கிடந்தவை. அவற்றைப் பற்றி ஒரு படத்தைத் தமிழில் பார்த்தால் தாங்கமாட்டோம் என்பது எங்களைத் தெரியாதவர்கள் பேசும் பேச்சு.

பெரியப்பாவின் மகன், என் அண்ணன், எண்பதுகளில் மொன்றியாலுக்குப் போனார். இருந்தது கோத்-தே-நேஜ் பகுதியில். இலங்கையிலிருந்து வந்த தமிழர்களும் வியட்நாமியர்களும் ஹெயிட்டிக்காரர்களும் அடுத்தடுத்த கதவில் வாழும் இடம். 1995இல் அவர் வேண்டாம் என்று வாக்களித்தார். பிரெஞ்சு நன்றாகப் பேசுவார், கியூபெக்காரர்களின் மொழிக் கோபமும் அவருக்குப் புரியும். தமிழனுக்குப் புரியாமல் இருக்குமா? ஆனால் ஏற்கெனவே ஒரு நாட்டை விட்டு வந்தவர், இன்னொரு முறை காலடி நிலம் மாறுவதை விரும்பவில்லை. அக்டோபர் 31 மாலை, இங்கே விளக்கு வைக்கும் நேரம், மழை கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுத் தொலைபேசிக்கு அவர் அழைப்பு வந்தது. ஜெயித்தவர் குரலாக இல்லை. முந்தின இரவு, தோல்வி உறுதியானதும் மாகாண முதல்வர் ஜாக் பரிசோ மேடையேறி, நாம் தோற்றது எதனால், பணத்தாலும் சில இன வாக்குகளாலும்தான் என்று சொல்லிவிட்டார். "நம்மைத்தான் சொல்கிறார், தங்கச்சி. கீழ்வீட்டு யாழ்ப்பாணத்துப் பையன் இரண்டு மணிவரை தூங்கவில்லை" என்றார் அண்ணன். பரிசோ அன்றே பதவி விலகுவதாக அறிவித்தார். சொல் விலகவில்லை. முப்பது வருடத்துக்குப் பிறகும் அந்த ஒரு வாக்கியம் அவர் கட்சிக்குப் பின்னாலேயே வருகிறது.

படத்தில் அந்தப் பேச்சு இரண்டு நிமிடம் வருகிறது. 'இன வாக்கு' என்பதற்கு 'வந்தேறிகள் வாக்கு' என்று எழுதியிருந்தால் நம் மேடைகளின் சூடு அப்படியே ஏறியிருக்கும். எழுதவில்லை, அவர் சொன்னது அதுவல்ல. சொல்லை அளந்துதான் எழுதினேன். ஆனால் ஆகஸ்ட் 14 அன்று நீங்கள் சமரசம் என்று அனுப்பிய தாளில் முதல் நிபந்தனை அந்த இரண்டு நிமிடத்தை வெட்டுவது. அதாவது ஒரு விடுதலை இயக்கம் தன் கூட்டத்துக்கு வெளியே நின்றவர்களைப் பார்த்து என்ன சொல்லிவிட்டது என்ற இடத்தை. பிரிவினையைப் பற்றி உங்களுக்கு உண்மையிலேயே கவலை இருந்தால், கடைசிவரை விட்டுவைக்கவேண்டிய காட்சி அது. அதோடு, வடக்கில் வாழும் க்ரீ பழங்குடிகள் ஆறு நாள் முன்பு தனியே வாக்கெடுப்பு நடத்தி, 96 சதவீதம் பேர் கனடாவோடுதான் இருப்போம் என்று சொன்ன பகுதியையும் 'நீளம் கருதி' எடுக்கச் சொல்லியிருந்தீர்கள். நீங்கள் கனடாவை விட்டுப் போகலாம் என்றால், நாங்கள் உங்களை விட்டுப் போகக்கூடாதா என்பது அவர்கள் கேள்வி. ஆந்திரத்துக்குள் ஏனாமும் கேரளத்துக்குள் மாஹேயும் வைத்துக்கொண்டிருக்கும் ஊருக்கு இதில் கேட்க ஒன்றுமே இல்லையா?

இரண்டாவது நிபந்தனை இன்னும் அழகு. 'விடுதலை', 'தனி நாடு' என்ற சொற்கள் வரும் இடமெல்லாம் 'கூடுதல் அதிகாரம்' என்று மாற்றவேண்டும். கூடுதல் அதிகாரம் கேட்டு, மாநில அந்தஸ்து கேட்டு நம் சட்டமன்றம் எத்தனையோ முறை தீர்மானம் போட்டாயிற்று. அதை அப்படியே கொண்டுபோய் மொன்றியாலில் ஒட்டினால், லட்சக்கணக்கான பேர் துணைநிலை ஆளுநரை எதிர்த்து வாக்களித்தது போல இருக்கும். நான் மறுத்தேன். 'ஒத்துழைக்க மறுத்தார்' என்று நிகழ்ச்சிக் குறிப்பில் எழுதினீர்கள். சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

ஆகஸ்ட் 17 என்ற தேதியை நான் கேட்டு வாங்கியதையும் சந்தேகமாகப் பார்த்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஆமாம், கேட்டுத்தான் வாங்கினேன். முந்தின நாள் கீழூரில் கொடியேற்றுவார்கள். அங்கே 1954 அக்டோபர் 18 அன்று 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி, இந்தியாவோடு இணைவதா என்று வாக்களித்தார்கள். 170 பேர் ஆம் என்றார்கள். 8 பேர் வேண்டாம் என்றார்கள். இரண்டு வாரத்தில், நவம்பர் 1 அன்று, நிர்வாகம் கைமாறியது. இந்தியாவில் நாங்கள் இருப்பது அந்த முடிவால். எனக்கு அதில் குறை கிடையாது, இணைந்தது நல்லதுக்குத்தான் என்று நினைப்பவள் நான். ஆனால் வங்காளத்திலிருந்த சந்திரநாகூர் மக்களிடம் 1949 ஜூன் 19 அன்று நேராகக் கேட்டார்கள். 7,463 பேர் இணைவோம் என்றார்கள், 114 பேர் வேண்டாம் என்றார்கள். புதுச்சேரியிலும் மக்களைக் கேட்பதாக 1948இலேயே இரண்டு அரசுகளும் பேசியிருந்தன. யார் பட்டியல், யார் கண்காணிப்பு என்று இழுபறியாகி, கடைசியில் கேட்கவே இல்லை. என் பாட்டி 1954இல் நாற்பது வயதுக்காரி. கீழூருக்கு யார் போனார்கள் என்றுகூட அவருக்குத் தெரியாது. மறுநாள் சந்தையில் கேள்விப்பட்டார். அந்த எட்டுப் பேர் ஏன் வேண்டாம் என்றார்கள் என்பதை என் பள்ளிக்காலத்தில் எந்த ஆசிரியரும் சொல்லித்தந்ததில்லை. நானும் 31 வருடம் அதே ஊர்ப் பள்ளிகளில் வேலை பார்த்தேன், நானும் சொன்னதில்லை. இந்தப் படத்துக்கு வேலை செய்யும்போதுதான் வெட்கமாக இருந்தது. 23 லட்சம் தோற்றவர்களின் மூக்கும் முழியும் பெயரும் எனக்குத் தெரிகிறது, எங்கள் ஊர் எட்டுப் பேரைத் தெரியவில்லை. 1979இல் புதுச்சேரியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கும் பேச்சு எழுந்தபோதும் யாரும் எங்களைக் கேட்கவில்லை. ஊர் கொந்தளித்து, துப்பாக்கிச்சூடு வரை போனது. கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி. கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தப் படம்.

ஆட்டோக்காரர் கேட்ட செல்லாத வாக்கு விஷயத்தை விட்டுவிட மனம் இல்லை. 1996 சட்டமன்றத் தேர்தலில் நான் வாக்கு எண்ணும் பணிக்குப் போனேன். சட்டமன்றத் தேர்தலில் அதுதான் எங்களுக்குக் கடைசிச் சீட்டு எண்ணிக்கை; 2001இல் இயந்திரம் வந்துவிட்டது. சீட்டை ஈரம் காயும் முன் மடித்தால் ரப்பர் முத்திரையின் மை எதிர்ப்பக்கம் ஒட்டிவிடும். இரண்டு சின்னத்திலும் முத்திரை இருப்பது போலத் தெரியும். எது நேர்ப்பதிவு, எது ஒட்டிய பதிவு என்று சீட்டைக் குழல்விளக்குக்கு நேரே தூக்கிப் பார்ப்போம். முத்திரை இரண்டு கட்டங்களுக்கு நடுக்கோட்டில் விழுந்திருந்தால் இரண்டு கட்சி முகவர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிவார்கள். ஒரு சீட்டுக்குப் பத்து நிமிடம் ஆன நேரமும் உண்டு. அதற்கு ஆறு மாதம் முன்பு கியூபெக்கில் 86,501 சீட்டுகளைச் செல்லாதவை என்று ஒதுக்கியிருந்தார்கள். வித்தியாசமே 54,288தான் என்பதை நினைத்துப் பாருங்கள். ஷொமெதே என்ற தொகுதியில் பத்துச் சீட்டுக்கு ஒன்றுக்கு மேல் தள்ளுபடி. பெருக்கல் குறி சாய்ந்திருக்கிறது, கோடு மெல்லியதாக இருக்கிறது என்றெல்லாம் காரணம்; விவகாரம் நீதிமன்றம் வரை போனது. படத்தில் அந்தச் சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கேமரா காட்டும் மூன்று நிமிடத்தில் ஒருவரும் பேசுவதில்லை. நான் எழுதவேண்டிய வரி எதுவும் இல்லாத இடம். நான்கு மாதத்தில் அதிகத் தடவை நான் திரும்பப் பார்த்தது அதைத்தான். கலந்துரையாடலுக்கு, என்னோடு அன்று எண்ணிய இரண்டு ஓய்வுபெற்ற ஆசிரியர்களை அழைத்திருந்தேன். வரவேண்டாம் என்று அவர்களிடம் நானே போய்ச் சொல்லவேண்டியிருந்தது.

'தோற்றுப்போன கதைதானே, யாருக்கு ஆர்வம்' என்றும் ஒரு உறுப்பினர் கேட்டாராம். ஆபத்தானது என்று ஒருவர், சுவாரசியமற்றது என்று இன்னொருவர். முதலில் நீங்கள் இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள். ஸ்காட்லாந்து 2014இல் 55க்கு 45 என்று தோற்று, பேச்சை மட்டும் தொடர்கிறது. பிரான்சின் கீழிருக்கும் பசிபிக் தீவான நியூ கலிடோனியாவில் மூன்று முறை கேட்டார்கள். 2018இலும் 2020இலும் நெருங்கி வந்து தோற்ற தரப்பு, 2021இல் புறக்கணித்தது. 96 சதவீதம் வேண்டாம் என்று முடிவு வந்தது, வாக்களித்தவர்கள் பாதிகூட இல்லை. 2024இல் அந்தத் தீவு எரிந்தது. எப்படித் தோற்பது, தோற்றவரை எப்படி நடத்துவது என்பதுதான் இங்கே எல்லாம். இதில் ஆர்வம் இல்லாதவர் திரைப்பட மன்றத்தில் என்ன பார்க்கிறார்?

சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்தவேண்டாம். பிரிவினைக் கோரிக்கையைத் தடுக்க 1963இல் வந்த பதினாறாவது அரசியல் சட்டத் திருத்தம் எனக்கும் தெரியும். அதற்கு முந்தின வருடம் மாநிலங்களவையில் அண்ணா எழுந்து திராவிட நாட்டுக்கான சுயநிர்ணய உரிமை பற்றிப் பேசியபோது அவை உட்கார்ந்து கேட்டது, எதிர்த்துப் பேசியது. பிறகு அவர் கட்சியே அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது. நாடு உடையவில்லை. தமிழில் பேசிப் பேசியே முடிந்த விஷயம் அது. அடுத்த தலைமுறைக்கு வேறொரு நாட்டுக் கதையைத் தமிழில் காட்டுவது மட்டும் குற்றமாகிவிடுமா?

ஆகஸ்ட் 17 மாலை உங்கள் அழைப்பிதழ் எனக்கும் வந்தது. போனேன். ஐம்பது நாற்காலி போட்டிருந்தீர்கள், 22 பேர் இருந்தோம். வெள்ளைக்காரர் ஐந்தாறு பேர். மற்றவர்கள் நம்மவர்கள்தான், ஆங்கிலம் படித்தவர்கள். வெட்டு எதுவும் இல்லாமல் படம் முழுதாக ஓடியது. 'தனி நாடு' ஓடியது, 'விடுதலை' ஓடியது, பரிசோவும் பேசினார். முடிந்ததும் பருப்பு வடையும் காப்பியும் கொடுத்தீர்கள். அரசியல் சட்டத்துக்கு எந்தச் சேதமும் இல்லை. வாசலுக்கு வந்தால், சுவரொட்டியைப் பார்த்திருந்த ஆட்டோக்காரர் எதிர்ப்பக்கம் வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றார். அழைப்பிதழ் இல்லை என்று காவலாளி உள்ளே விடவில்லையாம். "அந்தக் கிழவர் கடைசியில் எதற்கு ஓட்டுப் போட்டார் என்று படத்தில் சொல்கிறார்களா, டீச்சர்? அன்றைக்கு நடுவில் சவாரி வந்து கொஞ்ச நேரம் எழுந்து போய்விட்டேன்" என்று கேட்டார். வீடு வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தேன்.

நான் கேட்பது இவை. படத்தைத் தமிழ் சப்டைட்டிலோடு, வெட்டாமல், சொல் மாற்றாமல், வழக்கமான ஞாயிற்றுக்கிழமைக் காட்சியில், எல்லோரும் வரும்படி திரையிடவேண்டும். தமிழில் சுவரொட்டி ஒட்டவேண்டும். கலந்துரையாடலை மீண்டும் வைத்து, அந்த இரண்டு ஆசிரியர்களையும் நீங்களே வீட்டுக்குப் போய் அழைக்கவேண்டும். ஆகஸ்ட் 13 முடிவின் நிகழ்ச்சிக் குறிப்பை, யார் ஆதரித்தார்கள், யார் எதிர்த்தார்கள் என்ற எண்ணிக்கையோடு உறுப்பினர்களுக்குத் தரவேண்டும். வாக்கெடுப்பே நடக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். இனி எந்தப் படத்தையும் எந்த மொழியில் காட்டலாம், எதில் கூடாது என்று ஆளைப் பார்த்துப் பிரிப்பதில்லை என்று பொதுக்குழுவில் தீர்மானம் வையுங்கள். முன்மொழிய நான் தயார். என் சப்டைட்டில் கோப்பு உங்கள் கணினியில் இருக்கிறது. என் ஒப்புதல் இல்லாமல் அதில் ஓர் எழுத்தையும் திருத்தக்கூடாது.

செப்டம்பர் 30 வரை எழுத்துமூலமான பதிலுக்குக் காத்திருப்பேன். வராவிட்டால், படம் எடுத்தவரிடம் கேட்டு வாங்கிய அனுமதி என்னிடம் இருக்கிறது; அக்டோபர் 30 மாலை ஆறரை மணிக்கு என் வீட்டுக் கூடத்தில் படம் ஓடும். மழைக்காலம், மாடியில் போடமுடியாது. நாற்காலி பதினொன்றுதான் இருக்கிறது, மற்றவர்கள் பாயில் உட்காரவேண்டும். செயற்குழுவினரும் வரலாம். அழைப்பிதழ் தேவையில்லை.

முத்தியால்பேட்டையிலிருந்து,
உங்கள் மன்றத்தின் 19 வருட உறுப்பினர், ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியை